ஓ.டி. தெரபிக்கு எங்க போறது? வடசென்னைல இருந்து போட்ட ஒரு கணக்கு

டாக்டர் சீட்டுல "ஓ.டி., வாரம் மூணு தடவ"னு எழுதிக் குடுத்துடுவாங்க. ஓ.டி.-ன்னா ஆக்குபேஷனல் தெரபி, புள்ள தன் தினசரி வேலைய தானே செய்ய பழக்குறது. எங்க போகணும், யார்கிட்ட போகணும், எத்தன மாசம், போனா என்ன மாறணும், இது எதுவும் அந்த சீட்டுல இருக்காது. வெளிய வந்து ஆட்டோல ஏறும்போதே வீட்டுக்காரர் ஒண்ணு சொல்வாரு, மாமியார் ஃபோன்ல ஒண்ணு சொல்வாங்க, பக்கத்து வீட்டு அக்கா "எங்க நாத்தனார் புள்ளைய அண்ணா நகர்ல ஒரு சென்டர்ல சேத்தாங்க, எம்மாம் பெரிய ஊஞ்சல் தெரியுமா, இப்ப நல்லா பேசறான்"னு இன்னொண்ணு சொல்வாங்க. நாங்க தண்டையார்பேட்டை, எனக்கு ஆட்டிசம் இருக்குற ஏழு வயசு பையன் இருக்கான், அதனால ஸ்கூல் வாசல்ல, மெட்ரோல, ரேஷன் கடை லைன்ல கூட இந்த கேள்வி என்கிட்ட வருது: கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா, ப்ரைவேட் சென்டரா, தெரபிஸ்ட்ட வீட்டுக்கு வர சொல்லலாமா, இல்ல நாமளே பாத்துக்கலாமா?

நான் சொல்றத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஏன்னு வரேன். முழு அசெஸ்மென்ட், மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் இதெல்லாம் கவர்ன்மென்ட்ல. வாராவாரம் போறது வீட்டுல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள இருக்குற இடம், அதுவும் அம்மாவையோ அப்பாவையோ செஷனுக்குள்ள உக்கார விடுற இடம். தினமும் நடக்குறது வீட்டுல. எந்த சென்டர்ல எவ்ளோ பொருள் இருக்குன்றது கடைசில பாக்க வேண்டிய விஷயம்.

எங்க போறதுன்றதுக்கு முன்னாடி எதுக்கு போறோம்னு ஒரு தெளிவு வேணும். நடக்க, நிக்க கஷ்டப்படுற புள்ளைக்கு பிசியோ, பேச்சுக்கு ஸ்பீச் தெரபி. ஓ.டி. பாக்குறது புள்ளையோட நாள. அவனே சாப்பிடறானா, பல்லு தேய்க்க விடறானா, பட்டன் போடறானா, பாத்ரூம் போய்ட்டு கழுவிக்கறானா, பென்சில் பிடிக்கறானா, மத்த புள்ளைங்களோட விளையாட முடியுதா, சத்தம் கூட்டம் தாங்குதா. ஆட்டிசம் மட்டும் இல்ல, ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது), எழுத படிக்க கஷ்டப்படுற புள்ளைங்க, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு கஷ்டமாகறது), சும்மா சும்மா இடிச்சுக்கிட்டு விழுந்துட்டே இருக்குற புள்ளைங்க எல்லாருக்கும் இது உண்டு. அதனால "சிட்டிங் டாலரன்ஸ் இம்ப்ரூவ் ஆகணும், ஐ காண்டாக்ட் வரணும்"னு ஃபைல்ல எழுதி வெச்சா அது எனக்கு இலக்கா தெரியல. எங்க உக்காரணும், எதுக்கு உக்காரணும்? "தட்டு முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்து ரெண்டு இட்லி அவனே பிச்சு சாப்பிடணும்", இது இலக்கு. "ஸ்கூல் ஷூ வெல்க்ரோவ அவனே ஒட்டணும்", இதுவும் இலக்கு. ஒரு நோட்ல இந்த மாதிரி மூணு எழுதிட்டு போங்க. மூணுக்கு மேல வேணாம், மூணே ஒரு டெர்முக்கு தாங்கும்.

இப்ப கவர்ன்மென்ட். ஆர்பிஎஸ்கே-னு ஒரு மத்திய திட்டம் 2013-ல வந்தது, பொறந்த குழந்தைல இருந்து 18 வயசு வரைக்கும் பிறவிக்குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சி தாமதம்னு 30 வகை பிரச்சனைய ஸ்க்ரீன் பண்ணி அனுப்புறதுக்கு. அப்படி அனுப்புற இடம்தான் டெய்க், அதாவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். நம்ம பக்கத்துல இருந்து போனா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிதான். பணம் கிடையாது. குழந்தை டாக்டர், காது டெஸ்ட், கண்ணு, சைக்காலஜிஸ்ட், தெரபின்னு ஒரே இடத்துல ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதி அனுப்புவாங்க, ப்ரைவேட்ல இது ஒவ்வொண்ணும் தனி பில். முக்கியமா காது டெஸ்ட். பேச்சு வரலனு தெரபிக்கு சேத்துட்டு காது கேக்குதான்னே பாக்காத குடும்பம் இன்னும் இருக்கு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கறவங்க மொதல்ல ஸ்டான்லி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில குழந்தைங்க ஓ.பி-ல காட்டி அங்க இருந்து லெட்டர் வாங்கினாலும் சரிதான். கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, அது கொஞ்சம் தூரம், ஆனா 2021-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுக்கப்புறம் போற கஷ்டம் பாதி கொறஞ்சுது. சென்ட்ரல்ல பச்சை லைன் மாறுனா எழும்பூர் அடுத்த ஸ்டேஷன், கே.கே.நகருக்கு இறங்குற அசோக் நகரும் அதே லைன்தான். கன்டெய்னர் லாரி பின்னாடி நின்னு ஹாரன் சத்தத்துல புள்ள காத பொத்திக்கிட்டு அழறத விட இது எவ்ளோவோ மேல்.

கஷ்டம் எங்கன்னா கூட்டம். ஒரு தெரபிஸ்ட்டுக்கு அவ்ளோ புள்ளைங்க, அடுத்த தேதி தள்ளித்தான் கிடைக்கும், வாரம் மூணு தடவனு சீட்டுல எழுதினது அங்க நடக்காது. டெய்க்ல எல்லா எடத்துலயும் தனியா ஓ.டி. இருப்பாங்கன்னும் நெனைக்காதீங்க, சில இடத்துல பிசியோதெரபிஸ்ட்டே அதையும் பாப்பாங்க, போனதும் கேட்டுக்கங்க. அப்புறம் ஃப்ரீன்னு நாம சொல்றோம், ஆனா ஹார்பர்ல தினக்கூலிக்கு போற அப்பா ஒரு நாள் லீவு போட்டா அந்த நாள் கூலி போச்சு, வீட்டு வேலைக்கு போற அம்மா மாசத்துல நாலு நாள் லீவு கேட்டா அந்த வீட்ல வேற ஆள் பாத்துடுவாங்க. இந்த காச யாரும் பில்லுல எழுத மாட்டாங்க. அதனால கவர்ன்மென்ட்ட வாராவார தெரபிக்குன்னு நெனைக்காம, நல்லா அசெஸ் பண்ணி, வீட்டுல செய்ய வேண்டியத கத்துக்கிட்டு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் காட்டிட்டு வர்ற இடமா வெச்சுக்கிட்டா பிரமாதமா வேலைக்கு ஆகும். போறப்ப "அடுத்த தடவ வர்ற வரைக்கும் வீட்ல என்ன பண்ணனும் மேடம், ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, வீடியோ எடுத்துக்கறேன்"னு கேளுங்க. இப்படி கேக்குற அம்மாவுக்கு அவங்க நேரம் ஒதுக்குவாங்க, கேக்காதவங்களுக்கு பேப்பர்தான் வரும்.

முட்டுக்காடு பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. ஈசிஆர்ல இருக்குற அந்த மத்திய அரசு நிறுவனம், நீப்மெட், 2005-ல ஆரம்பிச்சது, ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்குற புள்ளைங்களுக்காகவே வந்த எடம். அதாவது காதும் கேக்காது பார்வையும் கம்மி, இல்ல செரிப்ரல் பால்சியோட ஆட்டிசமும் இருக்குன்னா நான் தயங்காம அங்கதான் போக சொல்வேன். ஆனா எண்ணூர்ல இருந்து முட்டுக்காடுன்னா சிட்டியோட ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கும் அப்பால, வாராவாரம் போனா போற வழிலயே புள்ளைக்கு மெல்ட்டவுன் வந்து, அதாவது தாங்க முடியாம கதறி ஓஞ்சு போய், அங்க போய் சேரும்போது தெரபி பண்ற நிலைல இருக்க மாட்டான். ஒரு தடவ ஃபுல்லா பாத்து ப்ளான் வாங்கிட்டு வர்றதுக்கு சரி.

ப்ரைவேட் சென்டர். இதுலதான் நம்ம மக்கள் அதிகமா காச விடறாங்க, அதனால இத கொஞ்சம் நின்னு பாக்கலாம். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் பத்து வருஷம் முன்னாடி இருந்தத விட இப்ப நெறைய போர்டு தொங்குது. ஒரு செஷன் 45 நிமிஷம், 500 ரூபான்னு வெச்சுக்கங்க, வாரம் மூணுன்னா மாசம் 6000. ஸ்பீச்சும் அதே அளவுன்னா 12000. ஆட்டோ தனி. இந்த காசுக்கு என்ன கிடைக்குதுன்னு கேக்குறதுல வெக்கமே பட வேணாம்.

மொதல் கேள்வி, யாரு பாக்குறாங்க. ஓ.டி-ன்னா பி.ஓ.டி. படிச்சிருக்கணும், ட்ரெய்னிங்கோட சேத்து நாலு வருஷத்துக்கு மேல படிக்கற டிகிரி. அதுக்கு மேல எம்.ஓ.டி. சுவத்துல ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், நம்பர் மாட்டியிருக்காங்கன்னு நம்பிடாதீங்க, ஆர்சிஐ பதிவு ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இவங்களுக்கு, ஓ.டி. அதுல வர மாட்டாங்க, அவங்க 2021-ல வந்த அலைட் ஹெல்த்கேர் சட்டத்துக்கு கீழ வராங்க. ஆர்சிஐ இருக்குற ஸ்பெஷல் எஜுகேட்டர் நல்லா சொல்லிக் குடுப்பாங்க, அத நான் கொறை சொல்லல, ஆனா ஓ.டி. காசு வாங்கிட்டு ஓ.டி. படிக்காதவங்க கைல புள்ளைய குடுக்கக் கூடாது. நெறைய சென்டர்ல அசெஸ்மென்ட் அன்னிக்கு பெரிய மேடம் வருவாங்க, அடுத்த நாள்ல இருந்து யாரோ ஒரு பொண்ணு, அது யாருன்னு கேட்டா "அவங்க எங்க ட்ரெய்ண்ட் ஸ்டாஃப்"னு பதில் வரும். எதுல ட்ரெய்ண்ட், எத்தன நாள்னு அடுத்த கேள்விய கேட்டுடுங்க.

ரெண்டாவது, கதவு. நாங்க மொதல்ல பாத்த ஒரு சென்டர்ல, பேரு வேணாம், பேரன்ட்ஸ் வெளிய பெஞ்சுல. உள்ள இருந்து அழுகை சத்தம் வரும், நாப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு கதவ தொறந்து "இன்னிக்கு நல்லா கோஆப்பரேட் பண்ணான்"னு சொல்வாங்க. நான் உள்ள வரட்டுமான்னு கேட்டதுக்கு "நீங்க இருந்தா அவன் டிஸ்ட்ராக்ட் ஆவான் மா"ன்னு பதில். மொதல் ரெண்டு வாரம் அப்படி சொன்னா புரிஞ்சுக்கலாம், மாசக்கணக்கா சொன்னா அந்த இடம் நமக்கு வேணாம். இப்ப போற இடத்துல மேடம் என்னைய தரைல உக்கார வெச்சு, அவங்க ஒரு தடவ செஞ்சு, அப்புறம் என் கைய பிடிச்சு எங்க அழுத்தணும் எங்க விடணும்னு காட்டி, அடுத்த தடவ என்னைய செய்ய சொல்லி அவங்க பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நாள் பையன் எழுதறப்ப அவன் கால பாருங்கன்னாங்க. நாற்காலில உக்காந்தா கால் தரைல எட்டாம தொங்கிட்டு இருக்கு, கால் தொங்கினா இடுப்பு நிக்காது, இடுப்பு நிக்கலன்னா கை பென்சில எங்க பிடிக்கும்? வீட்டுக்கு போய் ஒரு செங்கல்ல பழைய துண்டு சுத்தி கால் அடில வைங்கன்னாங்க. இதுக்கு மேல பாக்க மெஷின் எதுவும் வேணாம்.

மூணாவது, ஊஞ்சல். சென்சரி இன்டக்ரேஷன், அதாவது சத்தம், தொடறது, அசையறதுனு வர்ற உணர்வுகள மூளை சேத்து கையாள பழக்கறதுன்ற விஷயத்த கொண்டு வந்தது ஜீன் அயர்ஸ்னு அமெரிக்கால ஒரு ஓ.டி., அவங்க 1988-ல இறந்துட்டாங்க, இன்னிக்கு நம்ம ஊர் சென்டர் எல்லாத்துலயும் தொங்குற ஊஞ்சலும் பால் பூலும் அவங்க யோசனைல இருந்து வந்ததுதான். சென்சரி பிரச்சனை நெசம்தான், 2013-ல வந்த டிஎஸ்எம்-5-ல, அதாவது டாக்டருங்க பாக்குற அமெரிக்க மனநல கையேட்டுல, ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேத்துட்டாங்க. ஆனா அதுக்கு ஊஞ்சல்ல ஆட்டினா வீட்டுல, ஸ்கூல்ல நடத்தை மாறுமான்னா அங்கதான் ஆராய்ச்சி இழுக்குது. 2014-ல அமெரிக்கால ஒரு சின்ன ஆய்வுல, 32 புள்ளைங்க, தனித்தனி இலக்குல முன்னேற்றம் தெரிஞ்சுது. 2022-ல பிரிட்டன்ல 138 புள்ளைங்கள வெச்சு பண்ண பெரிய ஆய்வுல வழக்கமா கிடைக்குற சப்போர்ட்ட விட பெருசா ஒண்ணும் வித்தியாசம் வரல. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லயே டாக்டர்களுக்கு சொன்னது, ஆதாரம் கம்மி, பண்ணனும்னா இலக்கு வெச்சு, ஒரு கால அளவு வெச்சு, ஆவுதா இல்லையான்னு பாக்க குடும்பத்துக்கு சொல்லிக் குடுங்கன்னு. இன்னொரு பக்கம் 2019-ல ஆஸ்திரேலியால நோவாக், ஹோனன்னு ரெண்டு பேர் ஓ.டி. ஆய்வுகள மொத்தமா அலசி பாத்தப்ப, புள்ளையே முயற்சி பண்ணி, நெஜமான வேலைய, நெஜமான இடத்துல பழகுறது, அப்பா அம்மாவுக்கு கோச்சிங், வீட்டு ப்ரோக்ராம் இதெல்லாம்தான் நல்லா நின்னுது. ஊஞ்சல் வேணாம்னு நான் சொல்லல, என் பையன் ஆடிட்டு வந்தா கொஞ்ச நேரம் அமைதியா இருப்பான், அவனுக்கு அது சந்தோஷம், அது போதும். ஆனா நாப்பத்தஞ்சுல முப்பது நிமிஷம் ஊஞ்சல்லயே போச்சுன்னா, பார்க்குல ஊஞ்சல் ஃப்ரீ.

இன்னொண்ணு, "ஆறு மாசத்துல நார்மல் ஆக்கிடறோம்"னு பேக்கேஜ் சொல்றவங்க, ஸ்டெம் செல் ஊசி போட சொல்றவங்க, இவங்க கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்ல சிகிச்சையா பரிந்துரைக்கலனு தேசிய மருத்துவ ஆணையத்தோட போர்டு 2022-லயே சொல்லிடுச்சு. நகைய அடமானம் வெச்சு அதுக்கு போன குடும்பம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வர்ற தெரபிஸ்ட். செஷனுக்கு காசு கூட, ஆனா ஆட்டோ காசு இல்ல, சின்ன தம்பி தங்கச்சி இருந்தா அவங்கள யார்கிட்ட விடறதுன்ற தலைவலி இல்ல. பெரிய நன்மை என்னன்னா, அவங்க நம்ம பாத்ரூம பாப்பாங்க. சென்டர்ல வாஷ்பேசின் முன்னாடி பல்லு தேய்க்க கத்துக்கிட்ட புள்ள, வீட்டுல பக்கெட் தண்ணி, மக்கு, வழுக்குற தரைன்னு வந்தா திரும்ப மொதல்ல இருந்து. ஹவுசிங் போர்டு வீட்ல ஒரே ரூம்ல டிவி, மிக்சி, பக்கத்து வீட்டு சண்டை எல்லாம் சேந்து ஒலிக்கறப்ப புள்ள எங்க உக்காந்தா கொஞ்சம் அமைதியா இருப்பான்னு அவங்களாலதான் நேர்ல பாத்து சொல்ல முடியும். கொறைன்னா, நம்ம ஏரியாவுக்கு வர்றதுக்கு ஆள் கிடைக்குறது கஷ்டம், மழைல தண்ணி நின்னா வர மாட்டாங்க, சூப்பர்வைஸ் பண்ண பெரியவங்க யாரும் இல்லாம புதுசா படிச்சு வந்தவங்க தனியா வர்ற வாய்ப்பு அதிகம். மாசத்துக்கு ரெண்டு தடவ வீட்டுக்கு, மீதி சென்டர்ல, இப்படி கலந்து பேசுனா ஒத்துக்கறவங்க இருக்காங்க. கேட்டா என்ன குறைஞ்சுடும்?

வீடியோ கால்ல பண்றது கொரோனா நேரத்துல பரவுனது, இன்னும் ஓடுது. புள்ளைய ஃபோன் முன்னாடி உக்கார வெச்சு தெரபின்னா வேஸ்ட். ஆனா அம்மாவுக்கு கோச்சிங்ன்னா ரொம்ப நல்லது. காலைல சட்ட போடுற சண்டைய நீங்க வீடியோ எடுத்து அனுப்பி, அத பாத்துட்டு அவங்க பேசுனா, சென்டர்ல பாக்க முடியாதத அவங்க பாக்குறாங்க. தூரத்துல நல்ல ஓ.டி. இருந்து போக முடியலன்னா இந்த வழி.

கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிக்குற புள்ளைன்னா சமக்ர சிக்ஷான்ற பள்ளிக் கல்வித் திட்டத்துல ஸ்பெஷல் எஜுகேட்டர், பிசியோ வருவாங்க, வட்டார வள மையத்துல தெரபி நாள் உண்டு, ஸ்கூலுக்கே வர முடியாத புள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்குற ஏற்பாடும் இருக்கு. எச்.எம். கிட்ட எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா மறந்துடுவாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசோட ரைட்ஸ் திட்டத்துல "விழுதுகள்"னு சேவை மையங்கள் தொறந்துட்டு வராங்க, நம்ம பக்கத்துல எதாவது வந்திருக்கான்னு மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல விசாரிச்சு வைங்க.

இப்ப வீடு. வாரம் மூணு செஷன்னு வெச்சாலும் அது ரெண்டே கால் மணி நேரம். மீதி வாரம் பூரா புள்ள நம்மகிட்டதான். "அப்ப நாங்களே தெரபிஸ்ட் ஆயிடணுமா"ன்னு ஒரு அக்கா கோவமா கேட்டாங்க, கோவம் நியாயம்தான். சமைச்சு, வேலைக்கு போய், தண்ணி பிடிச்சு, ராத்திரி வந்து பெக் போர்டு (குச்சி சொருகுற பலகை) எடுத்து வெச்சு உக்காருன்னா எந்த அம்மாவால முடியும்? நான் சொல்றது தனியா நேரம் ஒதுக்கறது இல்ல. ஏற்கனவே நடக்குற வேலைக்குள்ள அவன இழுத்து போடுறது.

லாரி தண்ணி வர்றப்ப சின்ன குடத்துல பாதி தண்ணி, அவன் தூக்கிட்டு வரட்டும். தசையும் மூட்டும் வேலை செய்யுற இந்த மாதிரி வேலை பல புள்ளைங்கள அமைதியாக்கும், சென்டர்ல "ஹெவி வர்க்"னு சொல்றது இதத்தான். எடைய பாத்துக்கங்க, முக்கிட்டு தூக்கக் கூடாது. சப்பாத்தி மாவு அழுத்துறது, பூண்டு உரிக்கறது, துணி காயப்போடுறப்ப க்ளிப் மாட்டறது, இதெல்லாம் விரலுக்கு. வாசல்ல புள்ளி வெச்சு கோலம், அவனுக்கு நாலு புள்ளி போதும், கோலமாவு விரல் நடுவுல விடறதுக்கு என்ன கன்ட்ரோல் வேணும்னு யோசிச்சு பாருங்க. எழுத வராதவனுக்கு நோட்டு வேணாம், கதவுல சாக்பீஸ்ல எழுத விடுங்க, நிக்குற பலகைல எழுதுனா மணிக்கட்டு தானா சரியான கோணத்துக்கு வரும். சாக்பீஸ உடைச்சு சின்ன துண்டா குடுத்தா அஞ்சு விரலாலயும் கொத்தா பிடிக்க முடியாது, விரல் நுனிலதான் பிடிக்கணும், க்ரிப்பர் வாங்குற காசு மிச்சம். அப்புறம் கேரம். நம்ம ஏரியால கேரம் போர்டு இல்லாத தெரு ஏது, 2024-ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் எடுத்த காசிமா புது வண்ணாரப்பேட்டை பொண்ணுதான். ஒரு விரல் மட்டும் தனியா அசைக்கறது, குறி பாக்குறது, தன் டர்ன் வர்ற வரைக்கும் காத்திருக்கறது எல்லாம் அதுல இருக்கு. மொதல்ல ரூல்ஸ் இல்லாம சும்மா தள்ளட்டும்.

டிரஸ் போடுறதுக்கு கடைசில இருந்து ஆரம்பிக்குற முறை நல்லா வேலை செய்யுது. டிராயர நீங்களே இடுப்புக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் ஏத்திட்டு, இடுப்புக்கு இழுக்கற கடைசி வேலைய மட்டும் அவனுக்கு விடுங்க. முடிச்ச சந்தோஷம் அவனுக்கு. அது பழகினதும் தொடைல விடுங்க, அப்புறம் முட்டி, அப்புறம் கணுக்கால். மொதல்ல இருந்து ஆரம்பிச்சா பாதில கோவம் வந்து தூக்கி எறிவான், நாம மீதிய போட்டு விடுவோம், அவன் கத்துக்கறது "கத்தினா அம்மா போட்டுடுவா"ன்றதுதான். காலைல ஸ்கூல் அவசரத்துல இத பண்ணாதீங்க, சாயங்காலம் யூனிஃபார்ம் மாத்துறப்ப பண்ணுங்க.

சத்தம் தாங்காத புள்ளைக்கு நம்ம ஏரியா லேசுபட்டதில்ல. தெருவுல சாவு ஊர்வலம் போச்சுன்னா மேளமும் வெடியும், ஆடி மாசம் ஸ்பீக்கர், தேருக்கு திருவொற்றியூர் கூட்டம். "பழகிடுவான், கூட்டிட்டு போ"ன்னு பெரியவங்க சொல்வாங்க. வலுக்கட்டாயமா நடுவுல நிக்க வெச்சா பழகாது, பயம்தான் ஏறும். காதுக்கு ஹெட்போன் மாதிரி சத்தம் குறைக்குற மஃப் கிடைக்குது, அது மாட்டிட்டு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலைல கோயிலுக்கு போய்ட்டு வந்துடலாம். வெடி சத்தம் கேட்டதும் வீட்டுல எந்த மூலைக்கு போகணும்னு முன்னாடியே ஒரு இடம் வெச்சுடுங்க, எங்க வீட்ல அது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல இருக்குற சந்து, ஒரு தலகாணி கெடக்கும். மொட்ட, காது குத்துக்கு தேதி வெச்சா ஓ.டி. கிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க, மெஷின் சத்தம், தலைல கை படுறது இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பழக்க வழி சொல்வாங்க. பிரஷ் வெச்சு ஒடம்பு பூரா தேய்க்கறது, வெயிட் ஜாக்கெட் இதெல்லாம் வீடியோ பாத்துட்டு நீங்களா ஆரம்பிக்காதீங்க, ஆதாரமும் பலமா இல்ல. ஃபிட்ஸ் இருக்குற புள்ளைய ஊஞ்சல்ல சுத்தி விடறதுக்கு முன்னாடி டாக்டர கேளுங்க.

காசுக்கு கொஞ்சம். சர்டிஃபிகேட்டும் யுடிஐடின்ற மாற்றுத்திறனாளி அடையாள கார்டும் வாங்க தயங்குற குடும்பம் நெறைய, "முத்திரை குத்திடுவாங்க"ன்னு. என் கருத்து, வாங்கிடுங்க, பீரோல இருக்கட்டும், யார்கிட்ட காட்டணும்னு நாமதான் முடிவு பண்றோம். மத்திய அரசோட நேஷனல் ட்ரஸ்ட் நடத்துற நிராமயா இன்சூரன்ஸ்ல ஒரு லட்சம் வரைக்கும் கவர், தெரபி செலவுக்கும் உண்டு, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை குறைபாடு இவங்களுக்கு. ஏடிஎச்டி மட்டும்னா இதுல வராது. அப்பா சம்பளத்துல வரி பிடிக்குறாங்கன்னா பழைய வரி முறைல, மாற்றுத்திறனாளிய பாத்துக்கற குடும்பத்துக்கான கழிவுல (1961 வருமான வரி சட்டத்துல 80டிடி) குறைபாடு 40 சதவீதத்துக்கு மேலன்னா 75000, 80 சதவீதத்துக்கு மேலன்னா 1,25,000 கழிச்சுக்கலாம், ஆட்டிசத்துக்கு டாக்டர் கையெழுத்தோட தனி ஃபார்ம் வேணும். ப்ரைவேட் சென்டர்ல ஒவ்வொரு மாசமும் பேரு, தேதி, தெரபி வகை போட்ட பில் கேட்டு வாங்குங்க, வெள்ளை பேப்பர்ல எழுதி குடுத்தா இன்சூரன்ஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

ஆக யாருக்கு எது? மூணு வயசுக்குள்ள, இப்பதான் சந்தேகம் வந்திருக்குன்னா நேரா எழும்பூர், ப்ரைவேட்ல காச போடுறதுக்கு முன்னாடி. ஒரே சம்பளம், வீட்டுல இன்னொரு கைக்குழந்தைன்னா கவர்ன்மென்ட் ரிவ்யூவும் வீட்டு ப்ரோக்ராமும், கூட மாசத்துக்கு ரெண்டு ப்ரைவேட் செஷன், அதுவும் முழுக்க உங்களுக்கு சொல்லிக் குடுக்க. இது வாரம் மூணு செஷன் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கறத விட நல்லதுன்னு நான் அடிச்சு சொல்வேன். காசு போட முடியுற குடும்பம்னா பக்கத்து சென்டர் வாரம் ரெண்டு, மூணாவது செஷன் காசுல தெரபிஸ்ட்ட மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. புள்ள சாப்பிடறதுல ரொம்ப கஷ்டம், புரை ஏறுது, எடை குறையுதுன்னா இந்த கணக்கெல்லாம் ஓரம் வெச்சுட்டு பெரிய ஆஸ்பத்திரி, அது வீட்டுல பழக்கற விஷயம் இல்ல.

எங்க சேத்தாலும் மூணு மாசம். ஆரம்பிச்ச வாரத்துல அந்த மூணு இலக்குக்கும் ஃபோன்ல ஒரு நிமிஷ வீடியோ எடுத்து வைங்க, இட்லி சாப்பிடறது, ஷூ போடறது, பேரு எழுதறது. மூணு மாசம் கழிச்சு அதே இடத்துல அதே வேலைய திரும்ப எடுத்து, ரெண்டையும் தெரபிஸ்ட் கூட உக்காந்து பாருங்க. ஒண்ணாவது நகந்திருந்தா தொடருங்க, எதுவும் நகரலன்னா இலக்கு பெருசா இருக்கா, முறை சரியில்லையான்னு அவங்க ஒரு பதில் சொல்லணும். சொல்லாம "இன்னும் செஷன் கூட்டலாம் மா"ன்னா அடுத்த மாச ஃபீஸ் கட்டாதீங்க, ஃபைல் காப்பியும் அசெஸ்மென்ட் ரிப்போர்ட்டும் அன்னிக்கே கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, அப்புறம் போய் கேட்டா அலைய விடுவாங்க.